ஊவாவின் வயதான அணிகளை மீளக் கட்டுவதற்கான கோரிக்கைச் சாசனம்

பதுளை, மொனராகலை மாவட்டத் தோட்டங்களில் விளையாடி முடித்தவர்களும், இன்றும் விளையாடுகிறவர்களும், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் தாய் தகப்பன்மாரும், பாடசாலை விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் அவர்களைப் பழக்கும் ஆசிரியர்களும் சேர்ந்து எழுதும் சாசனம் இது. பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும், ஊவா மாகாண விளையாட்டுத் திணைக்களத்துக்கும், கல்வி அதிகாரிகளுக்கும், ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனத்துக்கும், தொழிற்சங்கங்களுக்கும், எங்கள் சொந்தத் தோட்டக் கழகங்களுக்கும் இதை எழுதுகிறோம்.

ஊவாவின் பெயரில் ஒரு தொழில்முறை அணி இருந்தது. 2012 ஆகஸ்ட் மாதம் நடந்த ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்கில் ஏழு அணிகள் ஆடின. இறுதிப் போட்டியில் நாகெனஹிர நாகாஸ் அணியை வென்று கிண்ணத்தைத் தூக்கியது ‘ஊவா நெக்ஸ்ட்’. பண்டாரவளையிலும் பசறையிலும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து நாங்கள் கைதட்டினோம். ஆனால் அந்தத் தொடரின் ஆட்டங்கள் கொழும்பு பிரேமதாச மைதானத்திலும் பல்லேகலையிலும்தான் நடந்தன. ஒரு பந்துகூட ஊவா மண்ணில் வீசப்படவில்லை. அடுத்த ஆண்டுத் தொடர் நடக்காமல் போனது, அணியும் கலைந்தது. 2020-ல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து ஊர்களுக்கு அணி கிடைத்தது. ஊவா அந்தப் பட்டியலில் இல்லை. 2022-ல் உள்ளூர் வீரர்களுக்காகத் தொடங்கிய தேசிய சுப்பர் லீக்கிலும் அதே ஐந்து பெயர்கள்தாம்.

வாங்கிச் சேர்த்த அணி வந்த வழியே போய்விடும். அடியில் எதுவும் ஊன்றாமல் மேலே கட்டியதை ஊவா ஒரு முறை பார்த்துவிட்டது. ஆகவே இன்னொரு பெயர்ப்பலகை தாருங்கள் என்று இந்தச் சாசனம் கேட்கவில்லை. எங்களிடம் மிஞ்சியிருப்பவை தோட்டத்து அணிகள். அவை வயதாகிவிட்டன. அவற்றை மீளக் கட்ட வேண்டும், அதற்கான வழியைத்தான் கேட்கிறோம்.

அணி எப்படி வயதாகிறது

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஹாலிஎலப் பக்கமோ, நமுனுகுலப் பக்கமோ, மடுல்சீமை மலையிலோ ஏதாவது ஒரு தோட்டத்து மைதானத்துக்கு வந்து பாருங்கள். விக்கெட் காப்பாளர் இரண்டு முழங்காலிலும் துணி சுற்றியிருப்பார். முதல் ஓவர் போடுகிறவருக்கு நாற்பது நெருங்கியிருக்கும். ஆறு பந்து போட்டபின் இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்குவார். எல்லைக்கோட்டுக்கு வெளியே, தேயிலைச் செடியோரம், ஒரு பதினைந்து வயதுப் பையன் கொப்பியில் ஓட்டங்களை எழுதிக்கொண்டிருப்பான். பந்து மேட்டிலிருந்து உருண்டு கானுக்குள் விழுந்தால் ஓடிப்போய் எடுத்து வருகிறவனும் அவன்தான். எடுத்த பந்தை அங்கிருந்தே எறிவான். அது நேராக விக்கெட் காப்பாளரின் கையுறைக்குள் வந்து விழும். பந்து வீசுகிறவருடைய மகன் அவன். தகப்பனைவிட வேகமாக அவனால் வீச முடியும் என்பது மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும், தகப்பனுக்கும் தெரியும். ஆனால் பதினொருவரில் அவனுக்கு இடம் இல்லை. இன்னும் இரண்டு வருடத்தில் இடம் கிடைக்கும்போது அவன் தோட்டத்தில் இருக்கமாட்டான்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பையன்கள் பஸ் ஏறுகிறார்கள். புறக்கோட்டைக் கடைகளுக்கும், ஹோட்டல்களுக்கும், கட்டட வேலைக்கும் போகிறார்கள். பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகத் திரும்பி வர முடியாது. தீபாவளிக்கு வருவார்கள், பொங்கலுக்கு வருவார்கள், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருவார்கள். அந்த ஒரு வாரம் மட்டும் தோட்டத்துக்கு முழு அணி இருக்கும். அவசர அவசரமாகக் கிண்ணப் போட்டி வைப்போம். விடுமுறை முடிந்து பஸ் போனதும் பழைய ஏழெட்டுப் பேர்தான் மிச்சம்.

இது புதிதாக வந்த நோயும் இல்லை. 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எங்கள் மக்களைப் பங்குபோட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் உதைபந்தாட்டக்காரரும் கரப்பந்தாட்டக்காரரும் இருந்தார்கள். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வளர்ந்த அண்ணன் தம்பிகள் கடலுக்கு அக்கரையிலும் இக்கரையிலுமாகப் பிரிந்தார்கள். வயதானவர்களிடம் கேட்டால், எந்தெந்த இடத்தில் ஆடியவர்கள் போனார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வார்கள். அன்று நாட்டு எல்லை பிரித்தது, இன்று சம்பளம் பிரிக்கிறது. இரண்டு தடவையும் அணியிலிருந்து உருவப்பட்டவர்கள் இளம் வயதினரே.

மீளக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள்

வயதான அணி என்றதும் மூத்தவர்களை வெளியே போடு என்பதுதான் பலர் வாயில் முதலில் வருகிறது. இதை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் நிலைப்பாட்டுக்குச் சான்று இந்த நாட்டின் கிரிக்கெட்டிலேயே இருக்கிறது.

1996 மார்ச்சில் லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற இலங்கை அணி, மூன்றே ஆண்டில், 1999 உலகக் கிண்ணத்தின் முதற் சுற்றோடு வெளியேறியது. வென்றவர்களையே நம்பிக் கொண்டுபோன அணி அது. அதன் பிறகு தலைமை அர்ஜுன ரணதுங்கவிடமிருந்து சனத் ஜயசூரியவுக்கு மாறியது. ஏற்கெனவே உள்ளே வந்திருந்த மஹேல ஜயவர்தனவுக்குத் தொடர்ச்சியாக இடம் கொடுத்தார்கள். 1999-ல் டில்ஷானும் 2000-ல் குமார் சங்கக்காரவும் வந்தார்கள். கவனிக்க வேண்டியது, மூத்தவரான அரவிந்த டி சில்வாவை அவர்கள் தூக்கி எறியவில்லை. 2003 உலகக் கிண்ண அரையிறுதி வரை, முப்பத்தேழு வயதில், அந்த இளைஞர்களின் நடுவில் அவர் ஆடினார். அப்படி வளர்ந்த அணிதான் 2007-லும் 2011-லும் உலகக் கிண்ண இறுதிக்குப் போய், 2014-ல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றது.

அடுத்த தலைமுறைக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. மஹேல 2014 ஆகஸ்டில் டெஸ்டிலிருந்து விலகினார். 2015 உலகக் கிண்ணத்தோடு அவரும் சங்கக்காரவும் ஒருநாள் ஆட்டத்தை விட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சங்கக்காரவின் டெஸ்ட் வாழ்வும் முடிந்தது. மறு ஆண்டு டில்ஷான் போனார். ஏறக்குறைய இரண்டு ஆண்டில் நடுத்தூண்கள் எல்லாம் சாய்ந்தன. கீழே நிற்பதற்கு யாரையும் முன்கூட்டியே பழக்கியிருக்கவில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் பத்து அணிகளில் ஒன்பதாவது இடத்துக்கு வந்ததும், மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்கு வீழ்ந்ததும் அந்த அலட்சியத்தின் நீண்ட விளைவு என்றே நாங்கள் கருதுகிறோம். எந்தத் தோட்டத்திலும் எல்லா மலையையும் ஒரே வருடத்தில் கவ்வாத்து வெட்டுவதில்லை. அணியும் அப்படித்தான். இரண்டு பேர் போகும்போது ஒன்பது பேர் நிற்க வேண்டும், போகிறவர் இருக்கும்போதே வருகிறவர் பக்கத்தில் ஆடியிருக்க வேண்டும்.

வயதை மட்டும் வைத்து ஆளை அளப்பதும் தவறு. முத்தையா முரளிதரன் 2010-ல் காலியில் 800-வது விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து விடைபெற்றபோது ரங்கன ஹேரத்துக்கு முப்பத்திரண்டு வயது. அறிமுகமாகி ஏறக்குறைய பதினோரு ஆண்டு ஆகியிருந்தும் பெயர் சொல்லும்படி வளர வாய்ப்புக் கிடைக்காதவர். முரளி போன பிறகுதான் அவருடைய 433 விக்கெட்டுகளில் பெரும்பகுதி வந்தது. மாத்தளையில் பிறந்த பிரபாத் ஜயசூரிய 2022-ல் முப்பதாவது வயதில் முதல் டெஸ்ட் ஆடி, அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார். கொழும்புக்கு வெளியே எத்தனை பேர் இப்படிக் காத்துக்கிடந்து கைவிட்டிருப்பார்கள் என்று யோசித்தால் மனம் பதறுகிறது.

வலைப்பந்தில் தர்ஜினி சிவலிங்கத்தை நினைக்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்த உயரமான பெண் 2018-ல் மீண்டும் அணிக்குள் வந்து ஆசியக் கிண்ணத்தை வெல்ல வைத்தார். 2022-ல், நாற்பதைத் தாண்டிய வயதில், மறுபடியும் வந்து வெல்ல வைத்தார். அவருக்கு நாங்கள் தலை வணங்குகிறோம். ஆனால் ஒரு நாடு நாற்பது தாண்டிய ஒருவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றால், அவருக்குப் பின்னால் வரிசை இல்லை என்பதுதான் பொருள். அந்த வரிசையில் நிற்கக்கூடிய பிள்ளைகள் லுணுகலையிலும் வெலிமடையிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி யாரும் வந்ததில்லை.

அடுத்த நாட்டுக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். எட்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. 2012-ல் இலண்டனில் பன்னிரண்டு அணிகளில் கடைசி. அங்கிருந்து எழுந்தது இளையோர் அணி வழியாகத்தான். 2016-ல் லக்னோவில் இளையோர் உலகக் கிண்ணம் வென்ற பையன்களில் ஹர்மன்பிரீத் சிங் உட்படப் பலர், டோக்கியோ ஒலிம்பிக்கில் நாற்பத்தொரு ஆண்டுக்குப் பின் பதக்கம் வென்ற அணியில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கோலடியில், மூத்தவரான ஸ்ரீஜேஷ் நின்றார். 2024-ல் பாரிஸில் இன்னொரு வெண்கலத்தோடு ஓய்வு பெறும்வரை நின்றார். தமிழ்நாட்டில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022-ல் இந்தியச் சட்டை போட்டார்கள். தீப்பெட்டித் தொழில் நடக்கும் கோவில்பட்டியிலிருந்து ஒரு பையன் போக முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி மட்டையும் மைதானமும் பழக்குகிற ஆட்களும் இருந்ததுதான்.

காசு கொட்டும் இடத்திலும் விதி ஒன்றுதான். அமெரிக்காவின் சிக்காகோ பனி ஹாக்கி அணி 2010, 2013, 2015 என்று மூன்று கிண்ணம் வென்றது. வென்றவர்களோடு நீண்ட ஒப்பந்தம் போட்டுப் பணத்தை அவர்களிலேயே முடக்கியது, இளையவர்களைக் கொடுத்து மாற்றிக்கொண்டது, சில ஆண்டில் அடிமட்டத்துக்குப் போனது. கடைசியில் அந்த அணியும் 2023-ல் பதினேழு வயதுப் பையன் ஒருவனைத் தெரிவுசெய்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இவற்றிலிருந்து நாங்கள் வந்திருக்கும் முடிவு ஒன்றுதான். வயதான அணியை மீளக் கட்டுவது என்றால் பதினாறு வயதுக்காரரை ஊரில் தக்கவைப்பது. நாற்பது வயதுக்காரர் எப்போது போவார் என்பது இரண்டாவது கேள்வி. கீழே வருகிற கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறக்கின்றன.

தோட்டக் கம்பனிகளிடம்

முதலில் மைதானம். மலைநாட்டில் மட்டமான நிலம் அரிது. ஒரு தோட்டத்தில் மட்டமாக இருப்பது தொழிற்சாலை முற்றம், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களம், பிறகு மைதானம். மண்சரிவு வந்தாலும், புது வீடு கட்டினாலும், வாகனத் தரிப்பிடம் வேண்டினாலும் முதலில் கண் போவது மைதானத்தின் மேல்தான். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை எப்படிச் சிதைத்தது என்பதும் எங்கள் கண் முன்னால் நிற்கிறது. பாதுகாப்பான நிலத்தில் வீடு கட்டுவதற்கு எதிராக நாங்கள் ஒரு சொல்லும் சொல்லமாட்டோம். வீடுதான் முதல். ஆனால் புதிய குடியிருப்புத் திட்டம் வரையும்போது அதே வரைபடத்தில் ஒரு மைதானத்தையும் குறிக்க வேண்டும். பழைய மைதானத்தை எடுத்தால் அதற்கு ஈடான நிலத்தை வீட்டுத் திறப்பைக் கொடுக்கும் நாளுக்கு முன்னால் ஒப்படைக்க வேண்டும். 1992-ல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறியபோது மைதானங்களும் சேர்ந்தே மாறின. அவை தேயிலை நடுவதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ உரிய நிலம் என்று கணக்கெழுதப்படக் கூடாது. ஒவ்வொரு தோட்டத்தின் மைதானமும் எல்லை அளந்து, பிரதேச செயலகத்தில் பதியப்பட்டு, பொதுப் பாவனைக்குரியது என்று எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும்.

அடுத்தது சம்பளம். மாவட்ட மட்டப் போட்டி வார நாளில் வந்தால் எங்கள் ஆள் போவதா விடுவதா என்று இரவெல்லாம் யோசிக்கிறார். போனால் பேர் (அன்றைய நாட்சம்பளம்) இல்லை. கொழுந்து மிகுந்த மாதமாக இருந்தால் பேர் மட்டுமில்லை, மேலதிகக் கிலோக் காசும் போகும். 2021-ல் நாட்சம்பளம் 1,000 ரூபாய், 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயமானது. இரண்டு காலத்திலும் நல்ல தோற்பந்து ஒன்றின் விலை ஒரு நாள் சம்பளத்துக்கு மேலேதான் இருந்தது. மாவட்டம், மாகாணம், தேசியம் என்று தெரிவாகும் எவருக்கும் போட்டி நாளில் முழுப்பேர் போட வேண்டும். பயிற்சிக்கு வாரத்தில் ஒரு பின்னேரம் விட வேண்டும். ஆட்டத்தில் விரல் முறிந்து ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாதவருக்குத் தோட்டம் மருத்துவச் செலவும் அந்நாட்களுக்கான சம்பளமும் கொடுக்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் விரல் முறிந்து ஆட்டத்தை விட்டவர்களில் பலர் விரலுக்காக விடவில்லை. அந்த ஆறு வாரத்தில் வீட்டில் அடுப்பெரியாமல் போனதற்காக விட்டார்கள்.

இவ்விரண்டையும்விடப் பெரியது வேலை. கொழும்புக் கம்பனிகளும், இராணுவம் முதலான படைகளும், பொலிஸும் வீரர்களுக்கு வேலை கொடுத்து அணி வைத்திருக்கின்றன. அந்த வேலைதான் ஒரு வீரரைப் பதினெட்டிலிருந்து முப்பது வரை ஆட்டத்தில் வைத்திருக்கிறது. எங்கள் மலையில் தேயிலை விற்கும் கம்பனிகளும் இதைச் செய்யலாம். சாதாரண தரம் முடித்த, மாகாண மட்டத்தில் ஆடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தோட்டத்திலேயே ஒரு வேலைப் பயிற்சி கொடுங்கள். தொழிற்சாலை, வெளிக்கள உத்தியோகம், கணக்கு, வாகனத் திருத்தம் என்று எதுவாகவும் இருக்கலாம். கையில் தொழிலும் மாதக் காசும் இருந்தால் அந்தப் பிள்ளை பஸ் ஏற அவசரப்படமாட்டான்.

மாகாணத்திடமும் கல்வி அதிகாரிகளிடமும்

தோட்டப் பாடசாலைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். இருக்கும் ஒருவரையும் கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் மாற்றிப் போடக் கூடாது. தரம் ஆறிலிருந்து தோற்பந்தைத் தொட்டுப் பழகாத பிள்ளை பதினெட்டில் பதுளை நகரப் பாடசாலைப் பிள்ளையோடு போட்டிபோட முடியாது. எங்கள் பிள்ளைகள் மென்பந்தில் சூரர்கள். ஆனால் தெரிவு நடப்பது கடினப்பந்தில். காலுறையும் கையுறையும் தலைக்கவசமும் இல்லாமல் கடினப்பந்தை எதிர்கொள்ளச் சொல்வது பிள்ளையின் பல்லோடும் கண்ணோடும் விளையாடுவது. ஒரு கல்விக் கோட்டத்துக்கு ஓர் உபகரணப் பெட்டி வாங்கி, அந்தக் கோட்டத்துப் பாடசாலைகள் முறைவைத்துப் பாவிக்கட்டும். பெரிய செலவில்லை.

தெரிவுப் போட்டிகள் பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் மட்டும் நடக்கின்றன என்றால் மடுல்சீமைப் பிள்ளை விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, பசியோடு வந்து, மூன்று பந்து எதிர்கொண்டு திரும்புகிறான். பசறை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை, மொனராகலை என்று பிரித்துத் தெரிவாளர்கள் போகட்டும். ஒரு முறை பார்த்து முடிவு செய்யாமல் அதே பிள்ளையை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கட்டும். தெரிவானவர்களுக்குப் பதுளையிலோ பண்டாரவளையிலோ தமிழ்ப் பாடசாலையோடு சேர்ந்த விடுதி வசதியும், உயர்தரம் முடிக்கும்வரை மாதாந்த உதவித்தொகையும் வேண்டும். பதினாறு வயதில் தக்கவைப்பது என்று நாங்கள் சொல்வதன் நடைமுறை இதுதான்.

பயிற்றுநர் பாடநெறிகளைத் தமிழில், ஊவாவில், வார இறுதியில் நடத்துங்கள். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு நிற்கும் எங்கள் விக்கெட் காப்பாளர்தான் அந்தத் தோட்டத்தின் அடுத்த பயிற்றுநர். முப்பது வருடம் அந்த மேடுபள்ள மைதானத்தில் பந்து எப்படி எழும் என்று பார்த்தவர் அவர். அவருக்குச் சான்றிதழும் சிறு கொடுப்பனவும் கொடுத்தால், இளையவருக்கு இடம்விட்டு அவர் மரியாதையோடு விலகுவார். இடம்விட்டால் தனக்கு மைதானத்தில் வேலையே இல்லை என்ற பயம்தான் பல மூத்தவர்களை இன்னும் ஆட வைக்கிறது. நடுவர், மதிப்பெண் பதிவாளர், மைதானப் பராமரிப்பாளர் என்று அவர்களுக்கு இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஸ்ரீலங்கா கிரிக்கெட்டிடம்

தேசியப் போட்டிகளில் ஊவாவுக்கு ஒரு வயதுநிலை அணியாவது வேண்டும். பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஊவா அணியை மூன்று ஆண்டுக்குத் தொடர்ந்து ஆடவிடுங்கள். முதலாண்டு எல்லா ஆட்டத்திலும் தோற்கலாம். தோற்றதற்காகக் கலைத்துவிட்டால் இந்தக் கோரிக்கைக்கே பொருளில்லை. எதிர்காலத்தில் ஊவாவின் பெயரில் மீண்டும் தொழில்முறை அணி வந்தால், அதன் குழுவில் இந்த மாகாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும், ஆண்டுக்கு ஓர் ஆட்டமாவது இந்த மாகாணத்தில் நடக்க வேண்டும். இது நடக்கக்கூடியது என்று யாழ்ப்பாணம் காட்டியிருக்கிறது. 2020-ல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணி யாழ். மத்திய கல்லூரி மாணவனான விஜயகாந்த் வியாஸ்காந்தைக் களத்தில் இறக்கியது. நான்கு ஆண்டில் அவர் ஹைதராபாத் சட்டையில் ஐபிஎல் ஆடினார். யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் அன்றைக்குத் தங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்த மாதிரி பசறைச் சிறுவர்களும் பார்க்க வேண்டும்.

முரளியின் தாத்தா 1920-களில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். 800 விக்கெட் எடுத்தவரின் வேர் எங்கள் லயங்களைப் போன்ற ஒரு லயத்தில் இருந்தது என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த ஒருவரைக் காட்டியே இன்னும் எத்தனை காலம் ஆறுதல் சொல்லப்போகிறோம்?

பெண்பிள்ளைகளுக்காக

2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்த இலங்கை மகளிர் அணியில் சமரி அத்தபத்துவைத்தான் நாடே நம்பியிருந்தது. அவருக்கு அப்போது முப்பத்து நான்கு. அடுத்து யார் என்ற கேள்வி ஆண்கள் அணியைவிடப் பெண்கள் அணிக்குத்தான் அவசரம். எங்கள் தோட்டங்களில் பெண்பிள்ளை பருவமடைந்ததும் மைதானத்துக்கு வருவது நிற்கிறது. ஆடை மாற்றும் அறை இல்லை, கழிப்பறை இல்லை, பயிற்சி முடிந்து இருட்டுவதற்குள் லயத்துக்குப் போய்ச் சேர வாகனமும் இல்லை. இந்த மூன்றும் இருந்தால் பெற்றோரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஒவ்வொரு மைதானத்திலும் வாரத்தில் இரண்டு பின்னேரம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்குவதைத் தோட்டக் கழகங்களே இந்த மாதத்திலிருந்து தொடங்கலாம். யாருடைய அனுமதியும் அதற்கு வேண்டாம்.

தொழிற்சங்கங்களிடமும் எங்கள் கழகங்களிடமும்

சங்கம் பார்த்து அணி சேர்ப்பதை நிறுத்துங்கள். மேல் டிவிஷன் ஒரு சங்கம், கீழ் டிவிஷன் இன்னொரு சங்கம் என்று ஒரே தோட்டத்தில் இரண்டு அரைகுறை அணிகள் ஆடுகின்றன. இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல அணி வரும். தேர்தல் காலத்தில் வந்து பந்தும் சட்டையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவது உதவியாகாது. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் மைதானத்தையும் போட்டி நாள் பேரையும் ஒரு வரியாகச் சேர்த்துப் பேசுங்கள், அது உதவி.

சாதியும் சொந்தமும் பார்த்துப் பதினொருவரை எழுதும் வழக்கம் எங்களிடமே இருக்கிறது. அதை வெளியாரிடம் மறைத்து எழுத நாங்கள் விரும்பவில்லை. தெரிவுக்கு அணித்தலைவரோடு ஓர் ஆசிரியரும் வெளித்தோட்டத்துப் பழைய வீரர் ஒருவரும் உட்கார வேண்டும். கிண்ணப் போட்டிகளில் போத்தல் பரிசாகவோ விருந்தாகவோ வரக் கூடாது, மதுக்கடைக்காரரின் பெயர் பதாகையில் வரக் கூடாது. எங்கள் பையன்களில் எத்தனை பேரை மைதானத்துக்குப் பக்கத்திலேயே மது தின்றது என்று எங்களுக்குத் தெரியும்.

இனி நடக்கும் எந்தத் தோட்டக் கிண்ணத்திலும் பதினொருவரில் நால்வர் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியை நாங்களே கொண்டுவருகிறோம். பெயருக்குச் சேர்த்துக் கடைசியில் துடுப்பெடுக்க விடுவது கணக்கில் வராது. அவர்களில் ஒருவராவது முதல் நால்வரில் துடுப்பெடுக்க வேண்டும், ஒருவராவது தன் ஓவர்களை முழுதாக வீச வேண்டும். மூத்தவர்கள் ஒரே நாளில் போக வேண்டாம். ஆண்டுக்கு இருவர் போகட்டும். போகிறவருக்கு அந்தத் தோட்டமே கூடி மைதானத்தில் மாலை போடட்டும். அடுத்த ஞாயிறு அவர் அதே மைதானத்தில் பயிற்றுநராக நிற்கட்டும்.

இதை வாசிக்கும் ஊவாத் தோட்டத்தார் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுக்குள் விளையாடுகிற பிள்ளைகள், ஆணும் பெண்ணும், யார் யார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கொப்பியில் எழுதுங்கள். பெயர், பாடசாலை, என்ன விளையாட்டு என்று மூன்று பத்தி போதும். மைதானத்தின் நீள அகலத்தை அடியால் அளந்து கீழே குறியுங்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரிடமும், ஒரு பிரதியைத் தோட்ட முகாமையாளரிடமும், ஒரு பிரதியைச் சங்கத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அந்தப் பட்டியல்களோடு சேர்த்துத்தான் இந்தச் சாசனத்தை மாகாணத் திணைக்களத்தில் ஒப்படைக்கப்போகிறோம்.